குடத்து வாயில் துணி, பானெட்டுக்குள் டீசல் ஃபில்டர்

பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டாக மடித்து, குடத்து வாயில் கட்டுவது கோலார் தங்கவயல் வீடுகளுக்குப் புதிதல்ல. பாலாற்றுப் பேத்தமங்கலா ஏரித் தண்ணீர் குழாய் வழியே சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு வந்த காலத்திலும் கட்டினார்கள். டேங்கர் பின்னால் வரிசை நிற்கும் இந்தக் காலத்திலும் கட்டுகிறார்கள். துணி புதிதாக இருக்கும்போது தண்ணீர் தடதடவென்று இறங்கும். குடங்கள் நிரம்ப நிரம்பத் துணியில் செம்மண் படிந்து, தண்ணீர் மேலேயே தேங்கி, விளிம்பு வழியே வழிந்தோடும். குழாயிலும் குறையில்லை, குடத்திலும் குறையில்லை, துணி அடைத்துக்கொண்டது. கார் பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டீசல் ஃபில்டரில் நடப்பதும் இதுவேதான்.

டேங்கில் இருக்கும் டீசல் முதலில் ஃபில்டருக்கு வரும். அதைத் தாண்டித்தான் உயர் அழுத்த பம்புக்கும், அங்கிருந்து இன்ஜெக்டருக்கும் போகும். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று நம் தெருக்களில் ஓடிய பல கார்களில் இருக்கும் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜினையே எடுத்துக்கொள்வோம். அதன் இன்ஜெக்டருக்குள் டீசல் 1,600 பார் அளவு அழுத்தத்தைத் தொடும். டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார். அவ்வளவு அழுத்தத்தில் டீசல் கசியாமல் இருக்க, இன்ஜெக்டரின் ஊசிக்கும் அது ஓடும் துளைக்கும் இடையில் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் பக்கம். கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் அந்த இடைவெளியில் மாட்டினால் உரசி உரசிக் கோடு போட்டுவிடும். ஃபில்டரின் விலை சில நூறு ரூபாய். நாலு இன்ஜெக்டர் மாற்றினால் பில்லைப் பார்த்துவிட்டு வண்டியையே விற்றுவிடலாமா என்று தோன்றும்.

அவ்வளவு நைசான துணியைக் கட்டினால் தண்ணீர் எப்படி இறங்கும்? குடத்து வாயில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பை மாதிரி உள்ளே தொங்கவிட்டுக் கட்டினால் வடிகட்டும் பரப்பு கூடி, வெகுநேரம் தாங்கும். ஃபில்டர் செய்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். காகிதத்தை விசிறிபோல் மடித்து மடித்து, வட்டமாகச் சுற்றி டப்பாவுக்குள் வைக்கிறார்கள். கழற்றிய ஃபில்டர் ஒன்றை டீசல் முழுக்க வடிந்த பிறகு ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பாருங்கள். கைக்கு அடக்கமான டப்பாவுக்குள்ளிருந்து காகிதம் வந்துகொண்டே இருக்கும். மடிப்பின் வெளிப்பக்கம் தார் பூசினாற்போல் கறுப்பு. விரலால் தேய்த்தால் வழுவழுவென்று ஒரு பிசுக்கு, அதற்குள் நெருநெருவென்று ஏதோ ஒன்று. உள்பக்கம் மட்டும் அநேகமாகப் பழைய நிறத்திலேயே இருக்கும்.

அந்த நெருநெருப்பு எங்கிருந்து வந்தது என்று தங்கவயலில் கேட்டால் பாதிப் பேர் சயனைடு மேட்டைக் கைகாட்டுவார்கள். தங்கம் எடுக்கப் பாறையை மாவாக அரைத்துக் கொட்டிய மேடுகள் அவை. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் வாசல், துணிக்கொடி, சோற்றுத் தட்டு எதையும் விடாது. ஆனால் இந்த விஷயத்தில் மேட்டின் மேல் பழி போடுவது நியாயமில்லை. காற்றில் வரும் தூசியைப் பிடிப்பது ஏர் ஃபில்டர். தங்கவயலில் அதைக் கம்பெனி சொன்ன தூரத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. டீசல் ஃபில்டரில் சேர்வது பெரும்பாலும் டேங்குக்கும் டீசலுக்கும் சொந்தமான அழுக்கு: துரு, நாள்பட்ட டீசலில் உண்டாகும் பிசின், கேனில் வாங்கி ஊற்றும்போது கூடவே இறங்கும் மண், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்.

தண்ணீரா என்று கேட்கலாம். பாதி காலியான டேங்கில் காற்று இருக்கும், அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். மார்கழிக் குளிரில் அது டேங்கின் சுவரில் வியர்த்து டீசலுக்குள் இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய் நிற்கும். குடத்தில் தெளிந்த தண்ணீரை மொள்ளும்போது அடிவண்டல் கலங்காமல் மேலாக மொள்கிறோமே, ஃபில்டரும் அந்தக் கணக்குத்தான். காகிதத்தில் தண்ணீர் ஒட்டாதபடி ஒரு பூச்சு உண்டு. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, அடியில் உள்ள கிண்ணத்தில் இறங்கும். கிண்ணத்தில் அளவு ஏறினால் பல வண்டிகளில் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஃபில்டரின் அடியில் இருக்கும் குமிழைக் கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் வடிந்து, பிறகு சுத்தமான டீசல் வரும். உடனே மூடிவிட வேண்டும். இதைச் செய்ய மெக்கானிக் தேவையே இல்லை.

அடைத்த ஃபில்டர் ஊருக்குள் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஊர்ந்து போகும் வண்டிக்குத் தேவைப்படும் டீசல் கொஞ்சம்தான்; அடைத்த துணி வழியாகவும் அவ்வளவு இறங்கிவிடும். பேத்தமங்கலா பக்கம் விரைவுச்சாலையில் ஏறி வேகம் பிடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காது, திக்கித் திணறும். காலை எடுத்தால் சரியாகிவிடும். இந்த அறிகுறிக்கு நேராக ‘பம்பு போயிருக்கும் சார்’ என்று சொல்கிறவரிடம், முதலில் ஃபில்டரை மாற்றிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். கார் கம்பெனி கையேடுகள் பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கின்றன.

பெமல் தொழிற்சாலையில் புல்டோசர் பூட்டிய கைகள் நிறைந்த ஊர் இது. ஃபில்டர் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஒரு விலக்கு உண்டு. இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ எரியும் அடுப்பைத் தொட்டுவிடும். அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். இங்கே சொல்வது பானெட்டுக்குள் ஃபில்டர் இருக்கும் டீசல் கார்களுக்கு மட்டும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஃபில்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் தூசியை முதலில் துடையுங்கள். குழாயைக் கழற்றும் அந்த நிமிடத்தில்தான் சயனைடு மேட்டுத் தூள் உண்மையிலேயே உள்ளே போக வாய்ப்பு. கீழே ஒரு தட்டு வைத்து, தண்ணீர் சென்சாரின் ஒயரைப் பிடுங்கி, எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பழைய ரப்பர் வளையத்தையும் வாஷரையும் திரும்பப் போடாதீர்கள்.

புது ஃபில்டரின் மேல் அம்புக்குறியோ, ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற குறிப்போ இருந்தால் அதன்படியே மாட்டுங்கள். செம்மண் படிந்த துணியைப் புரட்டிக் கட்டித் தண்ணீர் பிடித்தால் அத்தனை மண்ணும் குடத்துக்குள்தானே போகும்? குழாயை மாற்றி மாட்டினால் டீசல் தவறான பக்கத்திலிருந்து நுழைந்து, காகிதம் தான் தாங்க வேண்டிய திசைக்கு எதிராக அழுத்தம் வாங்கும்.

அடுத்தது பட்டறைகளில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒரு காரியம். வண்டி சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று புது ஃபில்டரின் நடுத் துளையில் கேனிலிருந்து டீசலை ஊற்றுவார்கள். திருகி மாட்டும் ஃபில்டர்களில் அந்த நடுத் துளை பெரும்பாலும் வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. துணியைத் தூக்கிவிட்டு வாளித் தண்ணீரை நேராகக் குடத்தில் கொட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அந்த முதல் கிண்ணம் டீசல் வடிகட்டப்படாமலே இன்ஜெக்டருக்குப் போகும். ஊற்றாமலே மாட்டுங்கள்.

மாட்டியதும் குழாய்க்குள் காற்று நின்றிருக்கும். காற்றை அழுத்தினால் சுருங்கும், டீசல் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் காற்று இருக்கும்வரை பம்பால் அழுத்தம் ஏற்ற முடியாது. கைப்பிரைமர் உள்ள வண்டியில் அதை விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் வரை அழுத்துங்கள். டேங்கில் மின்சார பம்பு உள்ள வண்டியில், பேட்டரி ஒயரை மாட்டிய பிறகு சாவியை ‘ஆன்’ நிலையில் சில விநாடி வைத்து, அணைத்து, நாலைந்து முறை திரும்பச் செய்தால் போதும். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை ஒரேயடியாக இழுக்காமல் இடைவெளி விட்டு முயலுங்கள். காற்றை வெளியேற்றுகிறேன் என்று உயர் அழுத்தக் குழாயின் நட்டை மட்டும் தளர்த்தாதீர்கள். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும், அது ஆஸ்பத்திரி கேஸ்.

என்ஜின் ஓடும்போது டார்ச் அடித்து ஃபில்டரின் இணைப்புகளுக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அணைத்துவிட்டு அந்த இணைப்பைத் திரும்ப மாட்டுங்கள். ஆண்டர்சன்பேட்டை வரை ஒரு சுற்றுப் போய்வந்து இன்னொரு தரம் காகிதம் வைத்துப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. தட்டில் வடிந்த டீசலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் பழைய ஃபில்டரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.