கடிவாளம் கையில் இருக்கட்டும்!



வாலிபத்திற்கும் வேகத்திற்கும் என்றுமே ஓர் உறவு உண்டு. அதனை அடியோடு வெறுத்து ஒதுக்கும் மார்க்கமன்று நம் மார்க்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பதும், இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் பதிவான செய்திகளாகும்.

அப்பந்தயத்தில் ஒரு நுட்பம் பொதிந்துள்ளது. உடல் இறுகப் பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தூரம். அவ்வாறு பயிற்றப்படாத குதிரைகளுக்கோ, ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் தூரமே. பயிற்சி எவ்வளவோ பந்தயமும் அவ்வளவே என்பது இதில் நாம் பெறும் பாடம்.

இன்று குதிரையின் இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த மோட்டார் பந்தயங்கள், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுகளம் அமைந்தபின் அங்கே இடம்பெயர்ந்தன. அத்தகைய களத்தில் பயிற்சி பெறும் பிள்ளை, "அத்தா, வண்டிக்குக் குயிக் திராட்டில் மாட்ட வேண்டும்" என்று ஒருநாள் உங்களிடம் கேட்கக்கூடும். மறுப்பதற்கோ சம்மதிப்பதற்கோ முன்பு, அது என்னவென்று அறிந்துகொள்வது நலம்.

பிடிக்குள் ஒரு கணக்கு

வலக்கை ஆக்சிலரேட்டர் பிடியை முறுக்கும்போது, அதனுள் இருக்கும் சிறு உருளை கேபிளைச் சுற்றி இழுக்கிறது. எஞ்சினுக்குள் காற்றுச் செல்லும் வழி அதனால் திறக்கிறது. உருளை பெரிதானால், அதே அளவு முறுக்கில் கேபிள் அதிகமாக இழுபடும். இதுவே குயிக் திராட்டிலின் இரகசியம்.

காற்றுவழி முழுவதும் திறக்கக் கேபிள் 30 மி.மீ. இழுபட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உருளையின் ஆரம் 20 மி.மீ. எனில் பிடியை ஏறக்குறைய 86 பாகை முறுக்க வேண்டும். ஆரம் 25 மி.மீ. எனில் 69 பாகை போதும்.

மிச்சமாகும் 17 பாகைக்கு விலை உண்டு. பிடியைத் திருப்பி மூடும் சுருள்வில்லை எதிர்க்கக் கைக்கு வேண்டிய பலம் கால் பங்கு கூடுகிறது. கை ஒரு பாகை பிசகினால், கேபிளின் அசைவும் கால் பங்கு அதிகமாகிறது. எஞ்சினின் சக்தியோ ஒரு துளியும் கூடுவதில்லை!

களத்தில் இதன் தேவை

வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்டுபவர், வளைவு முடியும்போது பிடியை முழுவதும் முறுக்க வேண்டியிருக்கும். முறுக்கு நீண்டதாயின் மணிக்கட்டு மடங்கி, முழங்கை தாழும். அல்லது பிடியைத் தளர்த்தி மறுபடியும் பற்ற நேரும். இரண்டும் ஹேண்டில்பாரை அசைத்துவிடும். முறுக்கு குறுகியதாயின் இத்தொல்லை இல்லை.

ஆனால் ஆபத்தும் அங்கேயே காத்திருக்கிறது. சாய்ந்து செல்லும் வண்டியின் டயர், தன் பிடிமானத்தில் பெரும்பகுதியை வளைவதற்கே செலவிடுகிறது. அவ்வேளையில் கை சற்று மிகுதியாக முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கும். பதறிச் சட்டென்று மூடினாலோ, டயர் திடீரெனத் தரையைப் பற்றிக்கொள்ள, வண்டி துள்ளி நிமிர்ந்து ஓட்டுபவரைத் தூக்கி எறியும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், தேவைதானா என்று பார்க்க வேண்டும். பிடியைத் தொடக்கத்திலேயே சற்று முன்தள்ளிப் பற்றினால் பலருக்குக் குறை தீர்ந்துவிடும். அதற்குக் காசு செலவில்லை.

தேவையெனில், பழைய உருளையைவிடச் சற்றே பெரியதை வாங்குவது அறிவுடைமை. ஆகப் பெரியதை நாடுவது அவசரம். நத்தை ஓட்டின் வடிவில் அமைந்த உருளைகளும் உண்டு. தொடக்கத்தில் ஆரம் சிறிதாகவும், போகப்போகப் பெரிதாகவும் இருப்பதால், அவை மெல்லத் திறந்து பிறகு விரையும். புதிதாகப் பழகுவோருக்கும் ஈரமான களத்திற்கும் இவையே ஏற்றவை.

எந்நேரமும் முழுவதும் திறந்தே ஓட்டப்படும் சிறிய எஞ்சினுக்கு இது பயன்தரும். தொட்டவுடன் சீறும் பெரிய எஞ்சினுக்கு, பெரும்பாலும் இது வேண்டாத சுமை. பிடியின் அசைவை மின்னணு முறையில் எஞ்சினுக்கு அறிவிக்கும், கேபிளே இல்லாத வண்டிகளில் பெரிய உருளைக்கு வேலையே கிடையாது.

மாட்டியபின் சோதிக்க வேண்டியவை மூன்று. பிடியை விட்டதும் அது தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். பிடியில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு இருத்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பினாலும் அதன் ஓட்டம் உயரலாகாது. உயருமாயின் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அவ்வண்டியை ஓட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

பெற்றோர்களே!

இச்சாதனத்திற்கு உரிய இடம் மூடிய ஓடுகளமே. தெருவில் குழியுண்டு, மணலுண்டு, பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தையுண்டு. வண்டி குழியில் குலுங்கும்போது கை தன்னையறியாமல் முறுக்கும். அந்தச் சிறு முறுக்கும் பெரும் பாய்ச்சலாகிவிடும். அதே வண்டியைத் தெருவிலும் ஓட்டுவதாயின், பழைய உருளையை மீண்டும் மாட்டிய பிறகே ஓட்ட வேண்டும்.

பிள்ளை கேட்கும்போது கடிந்து பேசி அவனை ஒளிந்து மாட்டச் செய்யாதீர்கள். அருகில் அமர்த்திக் கேளுங்கள்: தலைக்கவசம் தரமானதா? பிரேக்கும் டயரும் செம்மையாக உள்ளனவா? முறையான பயிற்சியாளரிடம் எத்தனை நாள் பழகினாய்? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்காதவரை, அப்பணம் பயிற்சிக்கே செலவாகட்டும்.

உயிர் நமக்குச் சொந்தமன்று. வல்ல அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். தெருவில் செல்லும் பிறரின் உயிரும் அவ்வாறே. பயிற்றப்படாத குதிரைக்கு ஒரு மைல் போதும் என்ற அந்த அளவுகோலை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்வார்களாக! அவர்களை எல்லா விபத்துகளிலிருந்தும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.