எந்தக் கோர்ட்டு என்பதை யார் சொல்வது?

கல்கத்தாவை அடுத்த டம்டமில் உள்ள ஜெஸ்ஸப் தொழிற்சாலைக்குள் 1949 பிப்ரவரி 26-ந் தேதி ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று புகுந்தது. சிலர் கொல்லப்பட்டனர். நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவம் தொடர்பான வழக்கு அலிப்பூரில் தனிக் கோர்ட்டு ஒன்றில் நடந்தது. அன்வர் அலி சர்க்கார் என்பவரும் மற்றும் 49 பேரும் தண்டிக்கப்பட்டார்கள்.

அத்துடன் கதை முடியவில்லை. "எங்களை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை" என்று கல்கத்தா ஐகோர்ட்டின் கதவைத் தட்டினார் அன்வர் அலி.

அவர் குறை கூறியது மேற்கு வங்காளத்தின் 1950-ம் ஆண்டு தனிக் கோர்ட்டுகள் சட்டத்தை. எந்தக் குற்றத்தை, எந்த வழக்கைத் தனிக் கோர்ட்டுக்கு அனுப்புவது என்பதை மாநில அரசே உத்தரவு போட்டுத் தீர்மானிக்கலாம் என்றது அதன் 5-வது பிரிவு. அங்கே போனால் மாஜிஸ்திரேட்டின் பூர்வாங்க விசாரணை கிடையாது; ஜூரியும் கிடையாது. ஒரே குற்றத்தைச் செய்த இருவரில் ஒருவருக்குச் செஷன்ஸ் கோர்ட்டு, மற்றவருக்குத் தனிக் கோர்ட்டு! ஏன் இந்த வேற்றுமை? சட்டம் காரணம் சொல்லவில்லை. "விரைவான விசாரணை" என்று மட்டும் முகவுரை கூறியது.

ஐகோர்ட்டு தண்டனையை ரத்து செய்து, முறைப்படி விசாரிக்கும்படி உத்தரவிட்டது. அரசு அப்பீல் செய்தது. 1952 ஜனவரி 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஐகோர்ட்டின் முடிவையே உறுதி செய்தனர். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு அந்த அதிகாரம் முரணானது என்றார்கள்.

மாறுபட்டவர் ஒருவர்தான். அவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. சட்டத்தின் நோக்கத்தை ஒட்டியே அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தும், தவறினால் அந்த உத்தரவை எதிர்த்து வழக்காடலாம் என்பது அவர் கருத்து. ஆறு பேர் பக்கம் நின்றவர்களில் ஒருவர் சந்திரசேகர அய்யர். இருவருமே முன்பு சென்னை ஐகோர்ட்டில் நீதிபதிகளாக இருந்தவர்கள்!

தனிக் கோர்ட்டே கூடாது என்று இத்தீர்ப்பு சொல்லவில்லை. அடுத்த மாதமே சவுராஷ்டிர அரசின் தனிக் கோர்ட்டு செல்லும் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அங்கே இன்ன பகுதி, இன்ன குற்றங்கள் என்று வரையறுத்திருந்தார்கள். அவசர நிலைக் காலக் குற்றங்களுக்கான தனிக் கோர்ட்டு மசோதாவை 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு பரிசீலித்தபோதும் இதே உரைகல்தான். அவசர நிலைக் காலக் குற்றங்களைத் தனியாகப் பிரித்தது சரி, அதற்கு முந்திய காலத்தையும் சேர்த்தது சரியல்ல என்று அது கருத்துத் தெரிவித்தது.

டம்டம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிரபராதிகள் என்று எந்த நீதிபதியும் கூறவில்லை. குற்றம் எவ்வளவு கொடியதானாலும், ஆளைப் பார்த்துக் கோர்ட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்பதே அவர்கள் சொன்னது.