நாயும் பூனையும் ஒரே வீட்டில்
(வானொலி உரை)



காவலுக்கு நாய், எலிக்குப் பூனை. தோட்டத்து வீட்டில் இரண்டும் வேண்டியிருக்கிறது. ஆனால், புதிதாக வந்த பூனையை நாய் விரட்டினால் பூனை வீட்டை விட்டே போய்விடும். இல்லாவிட்டால் கடிபட்டுச் சாகும். அப்புறம் நெல் மூட்டையும் கடலை மூட்டையும் எலிக்குத்தான். பூனை நகம் பட்டு நாய்க்குக் கண் போவதும் உண்டு. "ரெண்டுக்கும் பிறவிப் பகைங்க, பழகாது" என்று விட்டுவிடுகிறோம். அப்படியல்ல. முறையாகப் பழக்கினால் பெரும்பாலும் பழகும்.

ஏன் சண்டை வருகிறது? ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு இது இன்னும் அதிகம். அதோடு, ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரிவதில்லை. நாய் உடம்பைத் தளர்த்தி வாலை ஆட்டினால் சந்தோஷம். பூனை வாலை விசிறி அடித்தால் கோபம். பூனை மல்லாந்து படுத்தால், பணிந்துவிட்டது என்று நாய் நெருங்கும். பூனையோ நாலு கால் நகத்தையும் தயாராக வைத்திருக்கும்.

குட்டியிலேயே பழகுவது சுலபம். பூனைக்குட்டிக்கு 2 முதல் 7 வாரம் வரையிலும், நாய்க்குட்டிக்கு 3 முதல் 12 வாரம் வரையிலும் மனசில் பதிகிற பருவம். ஆனால் 8 வாரத்துக்கு முன்னால் பூனைக்குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஆகவே, நாய் வளர்க்கிற வீட்டில் பிறந்த குட்டியாகப் பார்த்து வாங்கி வாருங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

வளர்ந்த பூனையானால் படிப்படியாகத்தான் செய்யவேண்டும்.

முதலில் வாசனை. ஒரு வாரம் பூனையைத் தனி அறையில் அடைத்து வையுங்கள். பூனை படுத்த சாக்கை நாயிடமும், நாய் படுத்த சாக்கைப் பூனையிடமும் போடுங்கள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நாய்க்கும் அந்தப் பக்கம் பூனைக்கும் தீனி வையுங்கள்.

அடுத்தது பார்வை. நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, பூனையை 15 அடி தள்ளியே பார்க்கவிடுங்கள். பார்த்துவிட்டு நாய் உங்கள் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு தீனி கொடுங்கள். நாளுக்கு 5 நிமிஷம் போதும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நாய் உடம்பை விறைத்து, கண் கொட்டாமல் முறைத்து, தீனியையும் தொடவில்லையா? அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். மறுபடி தள்ளிப் போங்கள்.

மூன்றாவது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நாயின் பிடியை விடுங்கள்; சங்கிலி கழுத்திலேயே கிடக்கட்டும். பூனை தாவி ஏறப் பரணோ மச்சோ இருக்கவேண்டும். அதன் தீனியும் மேலேயே இருக்கட்டும். இதற்கெல்லாம் சில வாரம் ஆகும். சில வீட்டில் மாதக்கணக்கும் ஆகும்.

செய்யக் கூடாதவை: பூனையைக் கையில் தூக்கி நாயிடம் காட்டாதீர்கள், கீறல் உங்களுக்குத்தான். நாயை அடிக்காதீர்கள், பூனை வந்தால் அடி விழும் என்று பகைதான் வளரும். சண்டை மூண்டால் கையை நுழைக்காமல், நடுவே சாக்கைப் போட்டுப் பிரியுங்கள். எவ்வளவு செய்தும் அடங்காத நாயும் உண்டு. அதைத் தோட்டத்திலும் பூனையை வீட்டிலுமாகப் பிரித்துவிடுவதே நல்லது.

வெறிநோய் பூனைக்கும் வரும். 3 மாதம் ஆனதும் இரண்டுக்கும் தடுப்பூசி போடுங்கள். அடுத்த ஊசிகளை டாக்டர் சொல்கிறபடி தவறாமல் போடுங்கள். யாரையாவது கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பூனை இருக்கிற வீட்டில் எலி விஷமும் வேண்டாம். விஷம் தின்ற எலி பூனைக்கும் எமன்.

இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கவேண்டும் என்பதில்லை. பூனை முற்றத்தைக் கடக்கும்போது நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டால் போதும். வீட்டுக்குக் காவலும் நிற்கும், தானியமும் தப்பும்.