மலையிலிருந்து இறங்கிய மோட்டார்

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவின் கொட்டகையில், வெகு காலமாகக் கோழிகளுக்கு ஆசனமாக விளங்கிய எம்.ஜி. மோட்டார் ஒன்றைத் திண்டுக்கல்லிலுள்ள என் சிநேகிதர் விலைக்கு வாங்கிவிட்டார். இருவர் மட்டுமே உட்காரக்கூடிய பந்தய ரக வண்டி. டி.ஸி. என்று பெயர். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில், 1945 முதல் 1949 வரையில், சுமார் 10,000 வண்டிகளே செய்தார்கள். பழைய இரும்புக்காரரும் அதே கொட்டகையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டதும், எங்களுக்கு நிலைகொள்ளவில்லை.

"சக்கரம் உருளுகிறது, கயிறு கட்டி இழுத்துப் போய்விடலாம்" என்றார் பங்களாக் காவல்காரர். மலைப் பாதையில் அதைப் போன்ற விபரீதம் வேறில்லை. பல வருஷம் நின்ற வண்டியில் பிரேக்கை நம்பலாகாது. டயரோ வெயிலிலும் பனியிலும் வெடித்துப்போன தோல். லாரிதான் கதி. அன்றியும், இந்த வண்டியின் உடல் முழுதும் இரும்பன்று. இரும்புச் சட்டத்தின் மேல் ஆஷ் மரத்தால் கூடு கட்டி, அதன்மீது தகடு போர்த்தியிருக்கிறார்கள். மரம் உளுத்திருந்தால், தகட்டைப் பிடித்துத் தூக்கியதும் வண்டி அப்பளமாகிவிடும்!

ஆகவே முதலில் நாலு பக்கமும் படம் எடுத்தோம். எந்த ஆணி எங்கே இருந்தது என்பதைப் பிற்பாடு சொல்லப்போவது அந்தப் படங்களே. மீதியிருந்த பெட்ரோலை வடித்து, பாட்டரியைக் கழற்றி, உதிர்ந்து கிடந்த சாமான்களைச் சீட்டு எழுதித் தனித்தனிப் பைகளில் கட்டினோம். லாரியில் ஏற்றிய பின் அச்சில் பட்டையைப் பூட்டி இறுக்கினோம். சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே கயிற்றை நுழைக்கலாகாது, கம்பி வளைந்துவிடும்.

இவ்வளவையும்விட முக்கியமானது ஒன்று. பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணும் சட்டத்தில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றாயிருக்கவேண்டும். துருவைத் துடைத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு சிநேகிதர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தபோது அவருடைய கை நடுங்கியது. எண்கள் பொருந்தின.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் மத்திய சர்க்கார் தனி விதி வகுத்தார்கள். 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சட்டம், உடல், இயந்திரம் இவற்றின் அசல் உருவத்தை மாற்றியிருக்கக் கூடாது. அவசரக்காரர் ஒருவர் சட்டத்தை வெட்டி ஒட்டிவிட்டால், வண்டி பழமை என்னும் பட்டத்தையே இழந்துவிடும். பதிவு பெற்றாலும் தினந்தோறும் கடைத்தெருவுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கே அனுமதி.

இந்த விதி இன்னும் முன்னதாக வந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இந்தூர் மகாராஜா யசுவந்தராவ் ஹோல்கர் 1930-களில் ஆசையோடு செய்வித்த டூசன்பெர்க் வண்டி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டது. நம் பக்கத்தில் நல்ல வேளையாகச் சில மிஞ்சின. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டிய ஜி. டி. நாயுடுவின் பெயரால் நடக்கும் தர்ம ஸ்தாபனம், 2015-ல் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் மோட்டார்க் காட்சிசாலை ஒன்றைத் திறந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அங்கே ஒருமுறை போய் வருவது நலம்.

திண்டுக்கல் சுமார் 60 மைல். டம்டம் பாறைக்கருகில் லாரியை நிறுத்திப் பார்த்தால், ஒரு பட்டை தளர்ந்து, வண்டி நாலு விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது! மறுபடி இறுக்கினோம். அதன்பிறகு வத்தலக்குண்டு வரும் வரையில் சிநேகிதர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொழுது சாயும் சமயத்தில் மலைக்கோட்டை கண்ணில் பட்டது. வீட்டு வாசலில் தச்சர் காத்திருந்தார். கதவின் அடிமரத்தை விரலால் சுரண்டினார். மூக்குப்பொடி போல் உதிர்ந்தது. "மேல்மரம் கெட்டியாயிருக்கிறது, ஐயா. கீழே மட்டும் மாற்றினால் போதும்" என்றார். இருக்கைக்குத் தோல் உள்ளூரிலேயே கிடைக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பூட்டுத் தொழிலில் பழுத்தவர். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் தடவிப் பார்த்தார்.

"பூட்டு எங்கே?"

"இந்த வண்டியின் கதவுக்குப் பூட்டே கிடையாது" என்றார் சிநேகிதர்.

"பூட்டில்லாத வண்டியையா திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, கொட்டகைக்குத் தம் வீட்டிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்துவரப் போனார்.