உழவு மாட்டின் மூட்டு வலிக்குக் கைவைத்தியம்

பனிக் காலத்தில் விடியற்காலை தொழுவத்துக்குப் போனால், பல வருடம் ஏர் இழுத்த எருது எழுந்திருக்கத் தடுமாறுவதைப் பார்க்கலாம். முன்முழங்காலில் நின்றபடி இரண்டு மூன்று முறை முயன்ற பிறகே பின்பக்கத்தைத் தூக்கும். முதல் பத்தடி நொண்டி நடக்கும். வெயில் ஏறிக் கொஞ்சம் நடந்ததும் நடை சீராகிவிடும். மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இது. வயதான வண்டிக் குதிரைக்கும் இதே தொல்லை உண்டு.

எலும்புகள் சேரும் இடத்தில் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு தேய்வதே காரணம். தேய்ந்ததை மறுபடி வளர்க்கும் மருந்து மூலிகையிலும் இல்லை, ஊசியிலும் இல்லை. ஆனால் வலியைக் குறைக்க வழி உண்டு. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

முதலில் குளம்பு

நொண்டுவதெல்லாம் மூட்டு வலி ஆகாது. காலைத் தூக்கி, குளம்பிடுக்கில் முள், கல், புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாடம் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்றி அடிக்க வேண்டும். மூட்டு திடீரென வீங்கிச் சுட்டாலோ, காய்ச்சல் கண்டு தீனி எடுக்காவிட்டாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அது வேறு கோளாறு. கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வெந்நீர் ஒத்தடம்

ஒரு பானைத் தண்ணீரில் இரண்டு மூன்று கைப்பிடி நொச்சித் தழையோ புளிய இலையோ போட்டுக் கொதிக்க வைத்து, சிறிது கல்லுப்பு சேர்க்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் சாக்குத் துணியை நனைத்துப் பிழிந்து, மூட்டைச் சுற்றிப் போட வேண்டும். ஆற ஆற மாற்றி, காலையும் மாலையும் 15 முதல் 20 நிமிடம் செய்யலாம். சுகம் பெரும்பாலும் சூட்டினால் வருவதே. தழை கிடைக்காவிட்டால் வெறும் வெந்நீரும் போதும். பிறகு ஈரத்தைத் துடைத்து, இளஞ்சூடான நல்லெண்ணெய் தடவி, கீழிருந்து மேலாக நீவி விடலாம். அன்று அடிபட்ட வீக்கத்துக்கு மட்டும் வெந்நீர் ஆகாது. இரண்டு நாளைக்குக் குளிர்ந்த நீரே ஊற்ற வேண்டும்.

படுக்கையும் வேலையும்

கல் தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் படுக்கும் மாட்டுக்கு வலி கூடும். மண் தரையில் காய்ந்த வைக்கோலையோ கரும்புச் சோகையையோ தடிமனாகப் பரப்பி, ஈரம் சேராமல் மாற்ற வேண்டும். நாள் முழுவதும் கட்டிப் போட்டால் மூட்டு இறுகிவிடும். தினமும் மெதுவாக நடக்க விட வேண்டும். மேட்டில் ஏறும் பாரவண்டியில் பூட்டவே கூடாது. ஒரு ஜோடி மாடே உள்ளவர்கள், உழவு நாட்களில் பக்கத்துக் காட்டுக்காரருடன் பேசி மாற்று மாடு கட்டிக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதவை

மூட்டில் இரும்பைக் காய்ச்சிச் சூடு போடுவதும், சேராங்கொட்டைப் பாலைத் தடவுவதும் சில ஊர்களில் உண்டு. இவற்றால் தோல் வெந்து, ஈ மொய்த்துப் புழு வைக்குமே தவிர மூட்டு குணமாகாது. பழைய வலியோடு புது வலியும் சேரும்.

வலி ஊசி போட்டு உடனே நுகத்தில் பூட்டுவதும் தவறு. வலி தெரியாமல் மாடு இழுக்கும். மூட்டு மேலும் தேயும். கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் மருந்து 2006-லும், கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் மருந்துகள் 2023-லும் தடை செய்யப்பட்டன. இந்த மருந்து போட்ட சில நாளில் இறந்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன. நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியுள்ள கழுகுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஒத்தடத்துக்கு அடங்காத வலி என்றால், கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகம் மருந்தைப் பற்றி டாக்டரிடமே கேட்க வேண்டும். கடையில் தாங்களாக மருந்து வாங்கக் கூடாது.

இரண்டு வாரம் ஒத்தடமும் ஓய்வும் கொடுத்துப் பார்த்தால், விடியற்காலையில் மாடு எழும் விதத்திலேயே பலன் தெரியும். ஒரே முயற்சியில் எழுந்தால் இலகுவான வேலைக்குப் பழக்கலாம். அப்போதும் தடுமாறினால் அந்த மாடு உழைத்து முடித்துவிட்டது என்று பொருள். நுகத்தைக் கழற்றிவிடுவதே அதற்குச் செய்யும் நல்ல வைத்தியம்.