வீட்டில் ஒரு நாலுகால் – 17: ‘இவ்வளவுதான் இருக்கு, டாக்டர்!’

தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள் என்று போன வாரம் எழுதியதும், “அட்டை இருக்கு சார், காசு?” என்று ஒரு வாசகர் கேட்டுவிட்டார். நியாயம்தான். மனுஷனுக்கு முதல்வர் காப்பீடு, இ.எஸ்.ஐ., கம்பெனி மெடிக்ளெய்ம் என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும். நாய்க்கும் பூனைக்கும் நம் சட்டைப் பைதான். வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்குக் கிடைக்கும் கழிவு நம்மைப் பெற்றவர்கள் வரை நீளும். ஜிம்மி வரை வராது.

அந்தப் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். பேசாமல் தலையாட்டிவிட்டு, மூன்றாம் நாள் பில்லைப் பார்த்ததும் சிகிச்சையைப் பாதியில் விட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொடுத்த காசும் வீண், குட்டியும் பிழைப்பதில்லை.

நாய்க்குட்டிகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடாத இரண்டரை மாதக் குட்டி. காலையில் வாந்தி, சாயங்காலம் ரத்தக் கழிச்சல். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். முன்னங்காலில் முடியை வழித்து, ஊசி செருகி, பிளாஸ்திரி ஒட்டி டிரிப்ஸ் ஏற்றுவார்கள். வாந்தியை நிறுத்த ஒரு ஊசி, வேறு கிருமி ஏறாமல் ஆன்டிபயாடிக். வைரஸோடு போராடுவது குட்டியின் உடம்புதான். அது ஜெயிக்கும் வரை குட்டியைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. இது நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட இழுக்கும். தனியார் மருத்துவமனையில் படுக்கை, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்ந்தால் தொகை ஆயிரங்களில்தான் நிற்கும்.

அட்மிஷன் போட வசதி இல்லையென்றால்? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் இதே கேள்வியை வைத்து 40 பார்வோ நாய்களைக் கவனித்தது. எல்லாவற்றையும் முதலில் டிரிப்ஸ் ஏற்றித் தேற்றினார்கள். பிறகு 20 நாய்களுக்கு வார்டில் முழு சிகிச்சை. மற்ற 20-க்கு வெளிநோயாளி முறை, அதாவது தோலுக்கடியில் திரவம், ஊசிகள், நெருக்கமான கவனிப்பு. முதல் கூட்டத்தில் 18 பிழைத்தன, இரண்டாவதில் 16. வித்தியாசம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘முழு சிகிச்சை, இல்லாவிட்டால் விதி’ என்று கைவிட வேண்டியதில்லை. “டாக்டர், அட்மிட் பண்ண முடியாது. தினம் ரெண்டு வேளை கூட்டிட்டு வர்றேன், என்ன செய்யலாம்?” என்று கேட்டால், பெரும்பாலான டாக்டர்கள் வழி சொல்வார்கள்.

சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அது. காரில் வரும் லாப்ரடாரும் கட்டைப்பையில் வரும் பூனையும் ஆட்டோவில் வரும் ஆடும் ஒரே வளாகத்தில்தான் காத்திருக்கும். செலவு தனியாரைவிட மிகக் குறைவு. பதிலுக்கு அரைநாள் லீவு போட வேண்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தை மாட்டுக்கானது என்று ஒதுக்க வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடும் முகாம்கள் பெரும்பாலும் ஜூலை 6-ஐ ஒட்டி நடக்கும். 1885-இல் லூயி பாஸ்டர் அந்தத் தடுப்பூசியை ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்ட நாள் அது.

இன்ஷூரன்ஸ் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நாய்க்கான பாலிசிகள் இங்கேயும் விற்கின்றன. வாங்கும் முன் சின்ன எழுத்தைப் படியுங்கள்: ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் வராது, முதல் சில வாரங்கள் காத்திருப்புக் காலம், வயது வரம்பு உண்டு, தடுப்பூசி போடாமல் வந்த நோய் என்றால் க்ளெய்ம் தேறுவது கஷ்டம். என்னைக் கேட்டால், சாதாரண நாட்டு நாய் வைத்திருப்பவருக்கு அஞ்சலக ஆர்.டி. போதும். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஒரு வருஷம் விடாமல் கட்டினால் இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம். ராத்திரி பத்து மணிக்கு அது உதவாது என்பதும் உண்மை. அதற்காகக் கொஞ்சம் ரொக்கம் தனியாக இருக்கட்டும். பெண் நாயாக இருந்தால், முதல் சேமிப்பில் கருத்தடை ஆபரேஷனை முடித்துவிடுங்கள். பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் கட்டி அவசர ஆபரேஷன் என்று வந்தால் அது பல மடங்கு செலவு.

மருந்தில் மிச்சம் பிடிக்க வழி உண்டு. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மனுஷர் சாப்பிடுவதுதான். டாக்டர் சீட்டோடு போனால் மக்கள் மருந்தகத்தில் மலிவாகவே கிடைக்கும். சீட்டு இல்லாமல் மட்டும் எதையும் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல்தானே என்று பூனைக்குக் கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் அதன் உயிரையே எடுத்துவிடும்.

கடைசியில் நாலு பேரிடம் கேட்கத்தான் வேண்டும் என்றால், அழுகிற எமோஜி வேண்டாம். மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட் வாங்கி, அதைப் படமெடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். ஜி-பே எண் உங்களுடையதாக இல்லாமல் மருத்துவமனையுடையதாக இருந்தால் பணம் சீக்கிரம் சேரும். டிஸ்சார்ஜ் ஆனதும் பில்லையும் அதே குரூப்பில் போட்டுவிடுங்கள்.