மிடறும் மொழியும்

எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நிலைகொள்ளும் இடங்களுள் ஒன்றாக மிடற்றை எண்ணுகிறது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் மிடற்றில் பிறந்த வளியால் ஒலிப்பன என்கிறது. அம்மிடற்றிலேயே புற்று வந்தால் பேச்சு என்னாகும்?

பேராக் தோட்டங்களில் பேச்சுத் தமிழைப் பதிவு செய்யச் சென்ற நாள்களில், பெரட்டுக்களத்தையும் பால்மரத்தையும் பற்றி விரித்துரைத்த முதியோர் சிலரின் குரல் கரகரத்திருந்தது. சளி என்று அவர்கள் கடந்தார்கள். நாமோ பதிவின் தெளிவைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டோம். அது நம் பிழை. புகையிலையும் மதுவும் குரல்வளைப் புற்றின் முதன்மைக் காரணங்கள். நீங்காத குரல் கம்மல் அதன் தொடக்க அறிகுறி.

1873ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவில் பில்ரோத் என்னும் மருத்துவர் புற்றுக்காகக் குரல்வளை முழுவதையும் அகற்றினார். அம்முறையில் கழுத்தில் இடும் நிலையான துளை வழியே மூச்சு செல்லும்; இயல்பான குரல் அற்றுப்போகும். 1959இல் ஆஸ்திரிய மருத்துவர்களான மாயரும் ரீடரும் வேறொரு வழியை வெளியிட்டனர். குரல் நாண்களையும் அவற்றைத் தாங்கும் கேடயக் குருத்தெலும்பையும் நீக்கி, கீழுள்ள வளையக் குருத்தெலும்பை மேலே இழுத்து நாவடி எலும்போடு தைப்பதே அது. வளையத்தின்மேல் அசையும் இரு சிறு குருத்தெலும்புகளுள் ஒன்றேனும் தன் நரம்போடு எஞ்ச வேண்டும். அது குரல்வளை மூடியையோ நாக்கின் அடிப்பகுதியையோ நெருங்கும்போது, இடையிலுள்ள சவ்வு மூச்சுக்காற்றால் அதிர்கிறது, அதுவே புதுக்குரல். கழுத்துத் துளை தற்காலிகமே. ஆயினும் நோயாளி விழுங்குவதை மீண்டும் பயில வேண்டும்; புற்று மிகப் பரவியவர்க்கும் நுரையீரல் தளர்ந்தவர்க்கும் இம்முறை பொருந்தாது. தொடக்கநிலையிலோ கதிர்வீச்சோ சிறு அறுவையோ போதுமானதாகலாம்.

புதுக்குரல் கரகரப்பானது. நாண்களின் அதிர்வைப்போல அதன் அதிர்வை நினைத்த கணத்தில் தொடங்கவும் நிறுத்தவும் இயலாது. இங்கே தமிழின் அமைப்பு துணை நிற்கிறது. 'கல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும், அவ்வேறுபாட்டை இடமே தீர்மானிக்கிறது. பொருள் அதனைச் சார்ந்ததன்று. ஆகவே அது மங்கினாலும் கேட்போர் சொல்லை உணர்வர். குறிலும் நெடிலும் கால அளவால் வேறுபடுவன. அவையும் பெரிதும் எஞ்சும். மலாய் மொழியில் அவ்வாறன்று. வெட்டுக்கத்தியைக் குறிக்கும் 'பாராங்', சாமான்களைக் குறிக்கும் 'பாராங்' ஆகிய இரண்டும் முதலொலியின் அதிர்வால் மட்டுமே பிரிவன. தமிழில் எழுதினால் அவ்வேறுபாடே தெரியாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவரின் குரல் மூன்று வாரங்களுக்கு மேல் கம்மியிருந்தால், அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பும் கடிதம் பெறுங்கள். தோட்டத் தமிழைப் பதிவு செய்யும் பணி அதற்குப் பின் தொடங்கட்டும். மிடறு காக்கப்பட்டால்தான் அந்த மொழியை நாம் கேட்க முடியும்.